வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்ட்டிவைரஸ்? வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

"ஏய்யா, நீ கவர்மென்ட் பத்திரிகையிலதான எழுதுற? இந்த லேப்டாப்புக்கு எந்த ஆன்ட்டிவைரஸ் போட்டா நல்லதுன்னு நீயே சொல்லு."

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் சித்தி வீட்டுக்குப் போனபோது, காபி வருவதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிட்டது. மேசை மேல் இருந்தது அண்ணன் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அண்ணன் வேலைக்கு வெளியூர் போய்விட்டார். இப்போது அதில்தான் சித்தப்பாவின் தறிக் கணக்கு இருக்கிறது: பாவு எத்தனை வந்தது, சேலை எத்தனை போனது, கூலி பாக்கி எவ்வளவு என்று மூன்று வருடக் கணக்கு. தங்கச்சியின் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், போட்டோ, கையெழுத்து எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருப்பதும் அதில்தான்.

நடந்தது இதுதான். தங்கச்சி ஒரு விண்ணப்பத்தைப் பிரின்ட் எடுக்க பென் டிரைவை டவுனுக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்து வீட்டில் செருகினாள். பென் டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் மூலையில் சின்ன அம்புக்குறி போட்ட 'ஷார்ட்கட்' ஆக மாறியிருந்தன. மறுநாள் மடிக்கணினியும் ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது. ஒரு கடையில் காட்டியபோது, "எல்லாம் வைரஸ் தின்னுருச்சு. ஃபார்மேட் அடிச்சுட்டு ஃபுல் வெர்ஷன் ஆன்ட்டிவைரஸ் கிராக் போட்டுத் தர்றேன்" என்றார்களாம். நல்லவேளை, சித்தப்பா "யோசிச்சு வர்றோம்" என்று சொல்லி எடுத்து வந்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கணினி இருக்கலாம். அதற்கு எந்த ஆன்ட்டிவைரஸ் என்று முடிவு செய்யும் முன், வரிசையாகச் சில விஷயங்களைப் பார்த்துவிடலாம். கடைசியில் சித்திக்கு நான் சொன்ன பதிலையும் சொல்கிறேன்.

முதல் கேள்வி: உங்கள் விண்டோஸ் எது?

எல்லாரும் 'எந்த ஆன்ட்டிவைரஸ்?' என்றுதான் முதலில் கேட்கிறோம். கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. கணினியில் இருக்கும் விண்டோஸுக்கு இன்னும் பாதுகாப்பு அப்டேட் வருகிறதா?

பார்ப்பது சுலபம். கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்ற ஆறு எழுத்துகளை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். உங்கள் விண்டோஸின் பெயர் திரையில் வரும். அதைக் கீழே உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

• விண்டோஸ் 7: 2020 ஜனவரி 14 அன்று பாதுகாப்பு அப்டேட் நின்றது.
• விண்டோஸ் 8.1: 2023 ஜனவரி 10 அன்று நின்றது.
• விண்டோஸ் 10: 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டு உபயோகிப்பாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.
• விண்டோஸ் 11: அப்டேட் வந்துகொண்டிருக்கிறது.

'அப்டேட் நின்றால் என்ன, கம்ப்யூட்டர் ஓடுதே!' என்று நினைக்கலாம். 2017-ல் நடந்ததைப் பாருங்கள்.

அந்த வருடம் மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற தீம்பொருள் உலகம் முழுக்கப் பரவியது. ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டின. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கட்டு என்று திரையில் மிரட்டல் வந்தது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் சிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டி வந்தது. ஆந்திராவில் காவல் துறையின் சில கணினிகளும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் பாதிக்கப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே அது ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. விண்டோஸில் கோப்புகளைப் பகிரும் பகுதியில் இருந்த ஒரு ஓட்டைதான் அதற்கு வழி. இரண்டு, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மார்ச் 14-ஆம் தேதியே மைக்ரோசாஃப்ட் கொடுத்துவிட்டது. அதாவது இரண்டு மாதத்துக்கு முன்பே! அப்டேட் போட்டவர்கள் தப்பினார்கள், தள்ளிப்போட்டவர்கள் மாட்டினார்கள்.

வீட்டுச் சுவரில் ஓட்டை இருக்கும்போது வாசலில் மட்டும் காவலுக்கு ஆள் போட்டு என்ன பயன்? சுவரைப் பூசுவது விண்டோஸ் அப்டேட். வாசல் காவல் ஆன்ட்டிவைரஸ். பூச்சு வேலை நின்றுபோன விண்டோஸ் 7-க்கு எவ்வளவு விலை உயர்ந்த ஆன்ட்டிவைரஸ் வாங்கினாலும் சுவர் ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

ஆன்ட்டிவைரஸ் உள்ளே என்ன வேலை செய்கிறது?

பேருந்து நிலையத்தில், 'இவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்' என்று போலீஸ் ஒட்டிய போட்டோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஆன்ட்டிவைரஸின் முதல் வேலை அதேதான். ஏற்கெனவே பிடிபட்ட தீம்பொருள்களின் அடையாளங்களை ஒரு பட்டியலாக வைத்திருக்கும். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் அதோடு ஒப்பிடும். பட்டியல் பழசானால் புதுத் திருடனைத் தெரியாது. அதனால்தான் தினமும் அப்டேட் கேட்கிறது.

இரண்டாவது வேலை, நடத்தையைக் கவனிப்பது. முன்பின் தெரியாத ஒருவர் ராத்திரியில் தெருவில் ஒவ்வொரு வீட்டுப் பூட்டையும் ஆட்டிப் பார்த்தால், போட்டோ இல்லாவிட்டாலும் சந்தேகப்படுவோம் இல்லையா? அதுபோல ஒரு மென்பொருள் திடீரென்று நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்ற ஆரம்பித்தால் ஆன்ட்டிவைரஸ் அதை நிறுத்தும்.

மூன்றாவது, சந்தேகமான கோப்பைப் பற்றி இணையம் வழியாகத் தன் நிறுவனத்தின் சர்வரிடம் விசாரிப்பது. இதற்கு இணைய இணைப்பு வேண்டும். இந்த மூன்றாவது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்து வாங்குவதா என்று முடிவெடுக்கும்போது தேவைப்படும்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் காவலாளி

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்' என்ற ஆன்ட்டிவைரஸ் கூடவே வருகிறது. தனியாகக் காசு இல்லை. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் 'ஏ.வி.-டெஸ்ட்' என்ற சோதனை நிறுவனம் இருக்கிறது. பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றுக்கும் தலா 6 என்று மொத்தம் 18 மதிப்பெண்ணுக்கு ஆன்ட்டிவைரஸ்களைச் சோதிக்கிறார்கள். அங்கே டிஃபெண்டர் கடந்த சில ஆண்டுகளாகவே முன்வரிசையில் நிற்கிறது.

அது உங்கள் கணினியில் விழித்திருக்கிறதா என்று பாருங்கள்:

1. ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறங்கள்.
2. 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பகுதிக்குப் போங்கள். பச்சை டிக் இருக்க வேண்டும்.
3. அதன் 'மேனேஜ் செட்டிங்ஸ்' பகுதியில் 'ரியல்-டைம் புரொடெக்‌ஷன்', 'டேம்பர் புரொடெக்‌ஷன்' இரண்டும் 'ஆன்' நிலையில் இருக்கட்டும். முதலாவது எப்போதும் காவல் காப்பது. இரண்டாவது, காவலை வேறு மென்பொருள் அணைத்துவிடாமல் தடுப்பது.
4. 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்தி அடையாளப் பட்டியலைப் புதுப்பியுங்கள்.
5. 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் ஒருமுறை 'ஃபுல் ஸ்கேன்' கொடுங்கள். நேரம் ஆகும், ராத்திரி சாப்பிடும் முன் போட்டுவிடுங்கள்.

அதே பக்கத்தில் 'ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்' என்று ஒன்று இருக்கும். அதில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்பதை ஆன் செய்தால், அனுமதி இல்லாத மென்பொருள் உங்கள் ஆவணங்களை மாற்ற முடியாது. சில நேரம் நல்ல மென்பொருளையும் தடுக்கும். அப்போது அதற்கு மட்டும் அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர், இணைய இணைப்பு ஓரளவு எப்போதும் உள்ளவர், கண்ட இடத்தில் மென்பொருள் இறக்காதவர் என்றால் இதுவே போதும்.

காசு கொடுத்து வாங்குவது யாருக்கு?

ஆஸ்திரியாவில் உள்ள 'ஏ.வி.-கம்பேரட்டிவ்ஸ்' என்ற சோதனை நிறுவனத்தின் முடிவுகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: இணையம் இல்லாத நேரத்தில் டிஃபெண்டரின் கண்டுபிடிக்கும் திறன், நல்ல கட்டண மென்பொருள்களைவிடக் குறைகிறது. சர்வரிடம் விசாரிப்பதை அது அதிகம் நம்பியிருப்பதுதான் காரணம்.

நம் ஊர்ப்பக்கம் இது சின்ன விஷயம் இல்லீங்க. மொபைல் ஹாட்ஸ்பாட்டை எப்போதாவது மட்டும் போட்டுக்கொண்டு, தினமும் பென் டிரைவ் மாற்றி மாற்றிச் செருகும் வீடுகளும் கடைகளும் நிறைய. அப்படிப்பட்டவர்கள் கட்டண ஆன்ட்டிவைரஸ் பற்றி யோசிக்கலாம். பிள்ளைகளின் இணையப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் வசதி, தமிழில் அல்லது தொலைபேசியில் பேசி உதவி பெறும் வசதி வேண்டும் என்பவர்களும் யோசிக்கலாம்.

இந்தத் துறையில் நம் ஊர்க்காரர்களும் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறார்கள். சென்னையின் கே7 கம்ப்யூட்டிங் நிறுவனத்தை 1991-ல் ஜெ. கேசவர்தனன் தொடங்கினார். குயிக் ஹீல் புனேயிலிருந்தும், இ-ஸ்கேன் மும்பையிலிருந்தும் வருகின்றன. வெளிநாட்டு நிறுவனங்களும் பல உண்டு. 'இதையே வாங்குங்கள்' என்று இந்தக் கட்டுரை எதையும் பரிந்துரைக்கவில்லை. எதை வாங்கினாலும் இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள்.

1. வெளியார் சோதனையில் எத்தனை மதிப்பெண்? பெட்டியில் 'நம்பர் ஒன்' என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மேலே சொன்ன இரண்டு சோதனை நிறுவனங்களின் முடிவுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே ஒரு மாத முடிவைப் பார்க்காமல், கடைசி மூன்று நான்கு முடிவுகளைப் பாருங்கள். பரீட்சையில் ஒருமுறை நூறு எடுப்பது பெரிதில்லை. ஒவ்வொரு முறையும் தொண்ணூறுக்கு மேல் எடுப்பதுதான் பெரிது.

2. என் கணினி தாங்குமா? 4 ஜி.பி. ராம் உள்ள பழைய கணினியில் கனமான மென்பொருள் போட்டால், வைரஸ் இல்லாமலேயே கணினி படுத்துவிடும். பெரும்பாலான நிறுவனங்கள் 30 நாள் சோதனைப் பதிப்பு தருகின்றன. போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

3. அடுத்த வருடம் எவ்வளவு? முதல் வருடம் தள்ளுபடியில் சில நூறு ரூபாய் இருக்கும். புதுப்பிக்கும்போது விலை கூடலாம். கார்டு விவரம் கொடுத்து வாங்கினால் 'ஆட்டோ ரினியூவல்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, வேண்டாமென்றால் அணைத்துவிடுங்கள்.

4. எத்தனை கருவிக்கு? ஒரு கணினிக்கா, மூன்றுக்கா, போனுக்கும் சேர்த்தா? தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். வி.பி.என்., பாஸ்வேர்டு மேனேஜர் என்று அடுக்கிய பெரிய பேக் எல்லா வீட்டுக்கும் தேவைப்படாது.

5. என் விவரங்களை என்ன செய்கிறார்கள்? ஆன்ட்டிவைரஸ் உங்கள் கணினியின் எல்லாக் கோப்பையும், நீங்கள் போகும் எல்லா இணையப் பக்கத்தையும் பார்க்கிறது. அவாஸ்ட் நிறுவனம் பயனாளர்கள் இணையத்தில் பார்த்தவற்றின் விவரங்களை விற்றதாக எழுந்த புகாரில், 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. எனவே 'இலவசம்' என்றாலும் செட்டிங்ஸில் போய், விவரப் பகிர்வுக்கான டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

6. எங்கே வாங்குகிறேன்? நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அல்லது பில் தரும் கடையில் வாங்குங்கள். பெட்டியாக வாங்கினால் சீல் உடையாமல் இருக்கிறதா, உள்ளே இருக்கும் கீ எண் வேலை செய்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இந்த மூன்றையும் செய்யாதீர்கள்

கிராக் வேண்டவே வேண்டாம். கிராக் போடுபவர் முதலில் என்ன செய்வார், கவனித்திருக்கிறீர்களா? டிஃபெண்டரை அணைப்பார். 'இல்லேன்னா கிராக் வேலை செய்யாது' என்பார். வீட்டுக்குள் வரும்போதே காவலாளியை வெளியே அனுப்பச் சொல்லும் ஆளை நம்பலாமா? அந்த கிராக் கோப்புக்குள் வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்று போட்டுத் தந்தவருக்கே தெரியாது. கிராக் ஆன்ட்டிவைரஸைவிட இலவச டிஃபெண்டர் எத்தனையோ மேல்.

இரண்டு ஆன்ட்டிவைரஸ் ஒன்றாக வேண்டாம். ஒரே உறையில் இரண்டு கத்தி தங்காது. ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டு இரண்டுமே கணினியைத் திணறடிக்கும். வேறு ஆன்ட்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். புதிது போடும் முன் பழையதை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். சோதனைக் காலம் முடிந்த ஆன்ட்டிவைரஸைச் சும்மா வைத்திருப்பதும் ஆபத்துதான். புதுப்பியுங்கள் அல்லது நீக்குங்கள்.

திரையில் வரும் நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். 'உங்கள் கணினியில் 5 வைரஸ்! உடனே அழையுங்கள்!' என்று சத்தத்தோடு ஒரு பக்கம் வரும். மூட முடியாத மாதிரி இருக்கும். அது வெறும் இணையப் பக்கம்தான். உண்மையான ஆன்ட்டிவைரஸ் எதுவும் போன் நம்பர் காட்டிப் பயமுறுத்தாது. இப்படித் தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் ஏமாற்றிய போலி கால் சென்டர்கள் மீது சி.பி.ஐ. 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் நாடு முழுக்க சோதனை நடத்தியது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி பிரவுசரை மூடுங்கள். முடியாவிட்டால் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அரசு தரும் இலவச உதவி

இந்தியாவின் கணினிப் பாதுகாப்புக்கான 'செர்ட்-இன்' அமைப்பு 2004-லிருந்து இயங்குகிறது. அதன் கீழ் 2017 பிப்ரவரியில் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' தொடங்கப்பட்டது. இதன் இணையதளத்தில், ஏற்கெனவே தொற்றிய கணினியைச் சுத்தம் செய்யும் கருவிகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். குயிக் ஹீல், இ-ஸ்கேன், கே7 ஆகிய நிறுவனங்கள் இந்தக் கருவிகளைத் தருகின்றன. சி-டாக் உருவாக்கிய இரண்டு கருவிகளும் உண்டு: பென் டிரைவைக் கட்டுப்படுத்த 'யு.எஸ்.பி. பிரதிரோத்', ஆண்ட்ராய்டு போனுக்கு 'எம்-கவச்'.

ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள். சுத்தம் செய்யும் கருவி வேறு, தினசரிக் காவல் வேறு. வைரஸ் வந்தபின் ஒருமுறை கூட்டிப் பெருக்க முதலாவது. திரும்ப வராமல் பார்த்துக்கொள்ள இரண்டாவது.

பழைய விலையில்லா மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 இருந்தது. கூடவே 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. படித்தவர்கள் வேலைக்குப் போனாலும், அந்த மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் கணக்கு எழுதிக்கொண்டும், தம்பி தங்கச்சிகளுக்குப் பாடம் காட்டிக்கொண்டும் இருக்கின்றன. தூக்கிப் போட மனம் வராது, போடவும் வேண்டாம்.

ஆனால் விண்டோஸ் 7, 8.1 உள்ள கணினியில் வங்கி வேலையும் விண்ணப்பக் கட்டணமும் வேண்டாம். குரோம் பிரவுசரே 2023 தொடக்கத்தில் இவற்றுக்கான புதுப் பதிப்புகளை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பழைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் ஏறாது. அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு அவற்றில் இல்லை. மிச்சம் இரண்டு வழி:

• இணையத்தைத் துண்டித்துவிட்டு வைத்துக்கொள்வது. டேலி போல விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் தேவைப்படுபவர்களுக்கு இது சரி. பென் டிரைவை வேறு நல்ல கணினியில் ஸ்கேன் செய்த பிறகே இதில் செருக வேண்டும்.

• லினக்ஸுக்கு மாறுவது. 'பாஸ்' லினக்ஸ் சென்னை சி-டாக் மையத்தில் உருவானது, தமிழில் பயன்படுத்தலாம். ராம் குறைவாக உள்ள கணினிக்கு லுபுண்டு போன்ற லேசான வகைகளும் உண்டு. எல்லாமே இலவசம், அப்டேட்டும் வரும். எக்ஸெல், வேர்டு கோப்புகளை 'லிப்ரே ஆபீஸ்' திறக்கும். விண்டோஸுக்கு எழுதப்பட்ட பென் டிரைவ் வைரஸ்கள் லினக்ஸில் பொதுவாக ஓடாது. மாற்றும் முன் எல்லாக் கோப்பையும் வெளியே எடுத்து வைப்பது கட்டாயம்.

ஆன்ட்டிவைரஸால் முடியாதது

எவ்வளவு நல்ல ஆன்ட்டிவைரஸ் போட்டாலும், நீங்களே ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. போலி வங்கிப் பக்கத்தில் நீங்களே பாஸ்வேர்டு கொடுத்தாலும் அப்படித்தான்.

போனிலும் இதே கதைதான். 'பி.எம். கிசான் பணம் வந்திருக்கிறது', 'போக்குவரத்து அபராதம் கட்டவும்', 'எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை' என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு வரும். தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும். ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். கல்யாணப் பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப். ஆகவோதான் வரும், அதற்கு எந்த ஆப்பையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ஆப் வேண்டுமென்றால் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். அங்கே 'பிளே புரொடெக்ட்' ஆன் நிலையில் இருக்கட்டும்.

பூட்டப்பட்ட கோப்புகளை மீட்கவும் ஆன்ட்டிவைரஸை நம்பியிருக்க முடியாது. அதற்கு ஒரே நம்பிக்கை பேக்கப். முக்கியமான கோப்புகளுக்கு இரண்டு நகல் வையுங்கள். ஒன்று தனி பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ. நகல் எடுத்ததும் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் கணினியோடு சேர்ந்து அதுவும் பூட்டப்படும். இன்னொன்று கூகுள் டிரைவ் போல இணையத்தில். மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றுக்கு டிஜிலாக்கர் இருக்கிறது.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம். உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறும் முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

சித்திக்குச் சொன்ன பதில்

பாளையம்பட்டிக்குத் திரும்புவோம். அந்த ஷார்ட்கட் வைரஸ் எதையும் 'தின்னவில்லை'. அது உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட்களை வைக்கும். நாம் அதைக் கிளிக் செய்ததும் வைரஸும் ஓடும், உண்மை ஃபோல்டரும் திறக்கும். அதனால் சந்தேகம் வராது. கணினியும் மாட்டிக்கொள்ளும்.

என்னுடைய விண்டோஸ் 11 மடிக்கணினியில் அந்தப் பென் டிரைவைச் செருகினேன். எதையும் திறக்காமல், டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரில் ஸ்கேன் கொடுத்தேன். போலி ஷார்ட்கட்களும் வைரஸ் கோப்பும் பிடிபட்டன. பிறகு ஃபைல் எக்ஸ்புளோரரில் 'வியூ' பகுதியில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்தேன். அதற்கும் வரவில்லை. 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' போய், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கை எடுத்தேன். எல்லா ஃபோல்டரும் அப்படியே இருந்தன. வேலை முடிந்ததும் அந்த டிக்கைப் பழையபடி போட்டுவிட்டேன்.

பழைய மடிக்கணினியிலிருந்தும் கணக்குக் கோப்புகளையும் சான்றிதழ்களையும் போட்டோக்களையும் மட்டும் எடுத்து, ஸ்கேன் செய்து, இரண்டு நகல் போட்டோம். சித்தப்பா கூலி பாக்கிப் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "இது போயிருந்தா யாருக்கு எவ்வளவு தரணும்னு நான் யார்கிட்ட போய்க் கேக்குறது?" என்றார். கடைக்காரர் சொன்னபடி அன்றே ஃபார்மேட் அடித்திருந்தால் போயிருக்கும்.

"சரிய்யா, எந்த ஆன்ட்டிவைரஸ் வாங்க?" என்று சித்தி விடாமல் கேட்டார்.

"இதுக்கு எதுவும் வாங்க வேண்டாம் சித்தி. லினக்ஸ் போட்டுத் தர்றேன். அந்தக் காசுக்கு நல்ல பென் டிரைவ் ஒண்ணு வாங்கி, மாசம் ஒருதடவ கணக்க நகல் எடுத்து பீரோவுல வைங்க. பிரின்ட் எடுக்கக் கொண்டுபோறது வேற பென் டிரைவா இருக்கட்டும்."

உங்கள் வீட்டுக்கான பதில் வேறாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இன்று கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

☐ உங்கள் விண்டோஸ் எது என்று பாருங்கள்.
☐ நிலுவையில் உள்ள விண்டோஸ் அப்டேட்டை முடியுங்கள்.
☐ டிஃபெண்டரில் பச்சை டிக் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபுல் ஸ்கேன் போடுங்கள்.
☐ கிராக், காலாவதியான ஆன்ட்டிவைரஸ் இருந்தால் நீக்குங்கள்.
☐ முக்கியக் கோப்புகளை நகல் எடுத்து, பென் டிரைவைக் கழற்றி வையுங்கள்.
☐ 1930 என்ற எண்ணை வீட்டில் எல்லார் போனிலும் பதிந்து வையுங்கள்.
☐ கணினியில் கோளாறு வந்தால், நகல் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் ஃபார்மேட் செய்ய விடாதீர்கள்.